கேஸ் அறையில் எரிந்த விளக்கு

ரங்கூனில் மின்சாரம் திரும்பி வந்தால் தெருவே சேர்ந்து கத்தும். "மீ லாபீ" என்பார்கள். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தாமுவேயில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் கத்துவார்கள், எதிர்க் கட்டடத்துப் பிள்ளைகள் பதிலுக்குக் கத்துவார்கள், தண்ணீர் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமும். எல்லாருக்கும் சந்தோஷம் தரும் அந்தச் சத்தம் கேட்டால் நான் கைவேலையை விட்டுவிட்டு என் கணவர் எங்கே என்று தேடுவேன். இத்தனை காலம் கழித்தும் அது மாறவில்லை. அதன் காரணத்தை வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் தன்லியினில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். சோடா, ஆரஞ்சு, எலுமிச்சை என்று மூன்று வகைப் பானம். காலையில் கம்பெனி வண்டி, இங்கே அதை ஃபெர்ரி என்பார்கள், தாமுவே சந்தை முனையில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். முதலாளி பழைய வட்டிக்கடைக் குடும்பத்துக்காரர். உறவெல்லாம் ஊர் திரும்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மனைவியை நாங்கள் ஆச்சி என்போம். எங்கள் இரு வீட்டாரும் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள்.

என் வேலை சோதனை அறையில். வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியில் ஊசியை இறக்கி, நன்றாகக் குலுக்கி, மானியில் அழுத்தத்தைப் பார்ப்பேன். பிறகு பானத்தின் குளிரையும் பார்த்து, சுவரில் ஒட்டிய அட்டவணையில் இரண்டையும் பொருத்தினால் எவ்வளவு கேஸ் ஏறியிருக்கிறது என்று தெரியும். குறைந்தால் பானம் சப்பென்று இருக்கும். கூடினால் வெயிலில் பாட்டில் வெடிக்கும். பாட்டிலைத் திறந்த கணத்தில் மூக்கினுள் சுருக்கென்று ஏறும் அந்தப் புளிப்பை நான் நாள் முழுவதும் முகர்ந்துகொண்டிருப்பேன். அதுதான் கரியமிலவாயு. அது வந்து சேரும் இடமான கேஸ் அறை என் கணவரின் பொறுப்பு.

முன்பெல்லாம் கேஸ் சிலிண்டர்களில் வந்தது. உற்பத்தி கூடியதும் முதலாளி ஒரு பெரிய தொட்டி வாங்கினார். அதைப் பொருத்த பினாங்கிலிருந்து ஒரு தமிழர் வந்தார். வார்த்தைக்கு வார்த்தை "லா" போடுவார். தொட்டிக்குள் கேஸ் திரவமாக, ஐஸ் பெட்டியைவிடக் குளிராக இருக்கும். அந்தக் குளிரைக் காப்பது பக்கத்தில் ஓடும் கம்ப்ரஸர். மின்சாரம் நின்றால் கம்ப்ரஸர் நிற்கும், குளிர் குறையும், உள்ளே அழுத்தம் ஏறும். அளவு மீறியதும் மேலே ஒரு வால்வு தானாகத் திறந்து, உஸ்ஸென்று கொஞ்சம் வாயுவை வெளியே விட்டு மூடிக்கொள்ளும். அது கோளாறு இல்லை என்றும், தொட்டி வெடிக்காமல் இருக்க அது விடும் மூச்சு என்றும் அவர் சொன்னார். அந்த மூச்சைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஒரு குழாய் வைத்தார். தொட்டி முற்றத்தில் திறந்த வெளியில் நின்றது. மேலே தகரம், சுற்றிலும் கம்பி வலை மட்டும்.

அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதில் இரண்டு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இது கண்ணுக்குத் தெரியாத தண்ணி, அவ்வளவுதான் லா. கீழதான் நிக்கும். பள்ளம் இருந்தா பள்ளத்துல நிக்கும். சுத்திச் சுவர் கட்டுனீங்கன்னா குளம் வெட்டுன மாதிரி."

இரண்டாவது, கேஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் விழுந்தால் தூக்க ஓடாதீர்கள் என்பது. ஓடுகிறவர்தான் இரண்டாவது ஆள் என்றார். என் கணவர் சும்மா இருக்க மாட்டார்.

"பொண்டாட்டி விழுந்தாலுமா?"

"பொண்டாட்டி விழுந்தா வெளியில நின்னு நல்லா யோசிங்க லா. அவசரமே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு புயல் அடித்தது. அந்த வருடத்துப் புயலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே இருந்த தகரம் பறந்தது, வால்வுக் குழாய் பாதியில் ஒடிந்து மடங்கியது. அடுத்த வாரங்களில் எங்கு பார்த்தாலும் திருட்டு. எங்கள் கம்ப்ரஸரின் செம்புக் குழாயை ஒருநாள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, கூரை போட்டு, மடக்குக் கதவு வைத்துவிட்டார். அதுவே கேஸ் அறை ஆயிற்று.

பினாங்குக்காரர் சொன்னதை என் கணவர் நினைவூட்டினார். முதலாளி காது கொடுத்துக் கேட்டார், அதனால் சுவரின் அடியில், தரையோடு தரையாக, துவாரங்கள் விட்டார்கள். மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீர் அந்தத் துவாரங்கள் வழியே உள்ளே வந்தது. ஒருநாள் ஒரு பாம்பும் வந்தது. மழை முடியும் வரை என்று சொல்லித் துவாரங்களைச் சிமெண்டால் அடைத்தார்கள். ஒடிந்த குழாய் புதுக் கூரைக்குக் கீழேயே நின்றது. அதையும் மழை விட்டதும் நீட்டலாம் என்றார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. புயலுக்குப் பிறகு எங்கள் எல்லார் வீட்டுக்கும் அரிசியும் தகரமும் அனுப்பியவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நல்ல காலம் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாம் என்று நினைப்பவர்.

மழை முடிகிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அதைக் குறைவில்லாமல் செய்வோம். பாட்டில் கழுவும் இயந்திரம், பானம் நிரப்பும் இயந்திரம், பாய்லர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூச்சரம். ஃபோர்க்லிஃப்டுக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதை ஓட்டுபவர் வயதான பர்மியர். எல்லாருக்கும் அவர் ஊலே, அதாவது மாமா. ஒவ்வொரு வருடமும் தன் வண்டி இந்தியனாக மாறிவிட்டது என்று பர்மியில் கேலி செய்வார். ஆனால் பூச்சரம் சின்னதாக இருந்தால் கோபித்துக்கொள்வார். கேஸ் அறை மூலையில் பர்மியத் தொழிலாளர்கள் தங்கள் நாத் தெய்வத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய தேங்காயைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கும் அன்று பூ உண்டு.

முந்தைய நாள் மாலையிலிருந்து மின்சாரம் இல்லை. தொட்டி அவ்வப்போது உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. காலையில் ஆச்சி, குருக்கள், என் கணவர், நான் நால்வரும் கேஸ் அறைக்குள் போனோம். ஆச்சி குத்துவிளக்கைத் தொட்டியின் முன்னால் தரையில் வைத்து ஏற்றினார். அணைந்தது. என் கணவர் குந்தி உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். திரி ஒருகணம் நீலமாக நின்று அணைந்தது.

"காத்து அடிக்குதுப்பா. அந்தக் கதவைச் சாத்துங்க" என்றார் ஆச்சி.

வேறு எந்த வீட்டில், எந்தக் கடையில் என்றாலும் அதைத்தான் செய்திருப்போம். விளக்கு அணைந்தால் கதவைச் சாத்துவோம், முந்தானையால் மறைப்போம். குருக்கள் மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினார். என் கணவர் மூன்றாம் முறையாகக் குச்சியைக் கிழித்தார்.

நான் குருக்கள் கையில் இருந்த கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவர் நெஞ்சுக்கு நேரே எரிந்தது. சுடர் நிமிர்ந்து நின்றது, ஆடவே இல்லை. காற்று அடிக்கிறது என்றால் அது ஏன் ஆடவில்லை? அதை நினைத்த அதே நேரத்தில் என் மூக்கில் சுருக்கென்று ஏறியது, பாட்டில் திறந்த புளிப்பு.

"ஆச்சி, இது காத்து இல்ல" என்றேன். "கேஸு. ஏங்க, எந்திரிங்க."

அவர் கையிலிருந்த குச்சி தரையை நோக்கி இறங்கும்போதே அணைந்தது. எழுந்திருக்கப் பார்த்தவர், எதையோ மறந்துவிட்டவர்போல மறுபடி உட்கார்ந்தார். குருக்கள் தட்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். நானும் அவரும் என் கணவரை ஆளுக்கொரு தோளாகப் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டோம். ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார்.

வானத்தைப் பார்த்துப் படுத்து, ஓடி வந்த நாய்போல என் கணவர் மூச்சு வாங்கினார். தலைவலி அன்று முழுவதும் இருந்தது. ஆச்சி பூஜை விளக்கு நின்றுபோய்விட்டதே என்று அழுதார். ஊலே, தேங்காய்க்கு முதலில் பூ வைக்காமல் தொட்டிக்கு வைத்ததால் வந்த வினை என்றார். முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டு, அன்று மாலைக்குள் துவாரங்களை அடைத்த சிமெண்டை இடிக்க வைத்தார். ஒரு துவாரத்தில் விசிறியும் பொருத்தினார். இனி மின்சாரம் வந்ததும் கம்ப்ரஸரை ஓட்ட யாரும் உடனே உள்ளே போகக் கூடாது, ஒரு குவளை தேநீர் குடித்து முடிக்கும் நேரம் விசிறி ஓடிய பிறகே போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்தக் கம்ப்ரஸர் மின்சாரம் வந்தாலும் தானாக ஓடாது. உள்ளே போய், முழங்கால் உயரத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானைக் குனிந்து அழுத்த வேண்டும். ஆக, அறையில் வாயு மிக அதிகமாக நிற்கும் நேரம் எதுவோ, அதே நேரத்தில்தான் என் கணவருக்கு உள்ளே வேலை.

அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மாறிவிட்டார். அதற்கு முன் சாமி கும்பிடுவதில் பெரிய நாட்டம் உள்ளவர் இல்லை. திருவிழாவில் காவடி பார்ப்பார், பிரசாதம் வாங்குவார், அவ்வளவுதான். இப்போது பார்த்தவர்களிடமெல்லாம் அம்மன் விளக்கை அணைத்து என்னைக் காப்பாற்றினாள் என்று சொன்னார். சொல்லும்போது கைகளைக் கூப்பிக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்த சின்ன காமாட்சி விளக்கை ஒருநாள் செய்தித்தாளில் சுற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். மின்சாரம் வந்ததும் அதை ஏற்றி, வாசற்படிக்கு உள்ளே தரையில் வைப்பார். எரிந்தால் எடுத்துக்கொண்டு உள்ளே போவார், கம்ப்ரஸர் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டு வேலையை முடிப்பார். எரிகிற விளக்கு இருக்கும்போது விசிறிக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பார். முதலாளிக்கும் இது பிடித்திருந்தது. வாயு இருந்தால் கத்தும் மீட்டர் ஒன்று இருக்கிறதாமே என்று நான் கேட்டபோது, அதைவிட நல்ல மீட்டரை உன் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டாரே என்றார். நான் நகரத்துக்குள் லான்மடா வட்டாரத்தில் கடைகடையாக விசாரித்தேன். எல்லாரும் சமையல் கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டியை எடுத்துக் காட்டினார்கள். அது வேறு வாயு, இது வேறு வாயு என்று சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

குளிர்காலத்தில் பினாங்குக்காரர் தொட்டியைச் சோதிக்க வந்தார். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மடங்கிய குழாயைப் பார்த்தார். பிறகு என் கணவர் பெருமையாக விளக்கைக் காட்டினார். அதைக் கையில் வாங்கி, சாமி விளக்கு என்பதால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, விளக்கு அணையுற அளவுக்குக் கேஸ் நின்னா, அதுக்கு முன்னாடியே மனுஷன் விழுந்துருவான் லா. விளக்குக்கு நம்மளவிட உசுரு கெட்டி."

"அன்னைக்கு என்னையக் காப்பாத்துனது யாரு? ஒங்க மீட்டரா?"

"அன்னைக்கு நீங்க பொழைச்சது அந்த அம்மன் புண்ணியம்னு வச்சுக்குங்க. அணைஞ்சா வெளிய ஓடுங்க, அது சரி. எரியுதுன்னு உள்ள போகாதீங்க. அது மட்டும்தான் நான் சொல்றது."

சுவரை இடிக்க வேண்டும், குழாயைக் கூரைக்கு மேலே நீட்ட வேண்டும், மீட்டர் வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அவர் போனார். திஞ்ஜான் முடியட்டும் என்றார் முதலாளி. திஞ்ஜான் இங்கே தண்ணீர்த் திருவிழா, சித்திரை பிறக்கும் வாரத்தில் வரும். வருடம் முழுவதும் விற்கும் பானத்தில் பெரும்பங்கு அந்த வெயிலில்தான் விற்கும். அதற்கு முன் வேலையை நிறுத்த முடியாது.

எங்கள் வீட்டில் அந்த மாதங்கள் நன்றாக இல்லை. சின்னச் சின்ன விஷயங்களைக்கூடச் சரிபார்த்துக்கொண்டே இருப்பது என் குணம். அவர் அதை எப்போதும் கேலி செய்வார், நானும் பொருட்படுத்துவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் கேலி நின்று கோபமாகிவிட்டது. நான் வாயுவைப் பற்றிப் பேசினால் அவர் காதில் அது அம்மனைப் பற்றிப் பேசுவதாக விழுந்தது. செத்துப் பிழைத்தவனுக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொள்ளாதே என்று ஒருநாள் சொன்னார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னார். அட்டவணையைக் காட்டி வாதாடக்கூடிய விஷயமாக அது இல்லை.

அதனால் விளக்கை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். லான்மடாவில் ஒரு கயிற்றுக் கடையில் படகுக்காரர்கள் வாங்கும் நைலான் கயிறு வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஒங்க வெளக்கு ஒங்களோட இருக்கட்டும். என் கயிறும் இருக்கட்டும்."

"என்னா புள்ள இது? மாட்டக் கட்டுற மாதிரி?"

"மாடு சொன்னா கேக்கும்."

அவர் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். கயிற்றை அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், மறுமுனையை வாசலில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் வரை சீட்டி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். சீட்டி நின்றால் கேள்வி கேட்காமல் இழுத்துவிட வேண்டும். மறுமுனையைப் பிடிக்க ஊலே ஒப்புக்கொண்டார். தொழிற்சாலையில் எல்லாரும் கேலி செய்தார்கள். பெண்டாட்டி கட்டிப்போட்ட மாப்பிள்ளை என்றார்கள். வரிசையில் பாட்டில் சரிபார்க்கும் பெண்கள் அவர் போகும்போது நாக்கைச் சொடுக்கி மாடு ஓட்டினார்கள். அறைக்குள் சீட்டி அடித்தால் நாத்துக்குப் பிடிக்காது என்று ஊலே முதலில் தயங்கினார், பிறகு பழைய பர்மிய வானொலிப் பாட்டாக இருந்தால் அதற்கும் பிடிக்கும் என்று முடிவு செய்தார். என் கணவருக்கு அந்த ஒரு மெட்டுத்தான் வரும். தினமும் அதையே அடித்தார். சில நாள் அவர் கயிற்றைக் கட்டிக்கொள்ளாமல் கையில் மட்டும் பிடித்துக்கொண்டு போனதை நான் சோதனை அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றெல்லாம் வீட்டில் பேச மாட்டேன். அவருக்குக் காரணம் புரியும்.

திஞ்ஜானுக்கு முந்தைய வாரம், ஒருநாள் மதியம் போன மின்சாரம் மாலை வரை வரவில்லை. அந்த வெயிலில் தொட்டி ஓயாமல் மூச்சு விட்டது. முற்றம் முழுவதும் அனுப்பத் தயாரான பாட்டில் பெட்டிகள். இடம் போதாமல் கேஸ் அறையின் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். தரையோடு இருந்த துவாரங்களும் விசிறியும் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டன. அடுக்கியவர்கள் புதிதாகச் சேர்ந்த ஏற்றுகூலிகள். அந்தத் துவாரங்கள் எதற்கென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மீ லாபீ" என்று தொழிற்சாலை முழுவதும் கத்தியது. நான் சோதனை அறையை விட்டு முற்றத்துக்கு ஓடினேன். அதற்குள் அவர் விளக்கை ஏற்றி வாசலுக்கு உள்ளே வைத்திருந்தார். நன்றாக எரிந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஊலே கயிற்று முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். நான் வாசலுக்கு வந்தபோது என் மூக்கில் சுருக்கென்றது. அதன் பிறகுதான் சுவரோரத்துப் பெட்டிகள் என் கண்ணில் பட்டன.

உள்ளே சீட்டி கேட்டது. மெட்டின் முதல் அடி முடிந்து இரண்டாவது அடி தொடங்கியது. நடுவில் காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

"பாட்டை மறந்துட்டான்" என்று ஊலே பர்மியில் சொல்லிச் சிரித்தார்.

"இழுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். அது எடையில்லாமல் வந்தது. கை மாற்றிக் கை மாற்றி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் கட்டிக்கொள்ளவில்லை, கையில்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓட என் கால் எழுந்தது. பினாங்குக்காரர் சொன்னதும், அன்று நாங்கள் எல்லாரும் சிரித்ததும் நினைவு வந்தன. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியம் எது என்று கேட்டால், அந்த வாசலைத் தாண்டாமல் நின்றதுதான்.

பிறகு கயிறு விறைத்தது. அதுவரை வந்தது வெறும் தொய்வு. அவர் கட்டிக்கொண்டுதான் போயிருந்தார்.

நாங்கள் இழுத்தோம், பாட்டில் பெண்கள் இருவர் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். தொட்டியின் கால்களுக்கு இடையிலிருந்து அவர் முதுகு தரையில் தேய்ந்து வருவது தெரிந்தது. நெற்றி எதிலோ மோதி ரத்தம் வழிந்தது. வாசலைத் தாண்டி, முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். ஊலே ஃபோர்க்லிஃப்டை எடுத்து, சுவரோரத்துப் பெட்டிகளை அடுக்கோடு தள்ளிச் சாய்த்தார். பாட்டில்கள் உடைந்து ஆரஞ்சு நிறம் முற்றம் எங்கும் ஓடியது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். கண் திறக்க நேரமானது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேஸ் அறை வாசல் எனக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே, கம்ப்ரஸர் பக்கத்தில், தரையில், அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் சின்னதாக இருந்தது, கொஞ்சம் மங்கல். ஆனால் எரிந்தது. பெட்டிகள் சரிந்து காற்று வந்ததும் நிமிர்ந்து இன்னும் நன்றாக எரிந்தது. அதை அணைக்க யாரும் உள்ளே போகவில்லை. எண்ணெய் தீர்ந்து அது தானாக நின்றது என்று ஊலே பிறகு சொன்னார்.

தன்லியின் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நெற்றியில் தையல் தழும்பு மட்டும் தங்கியது. திஞ்ஜான் முடிவதற்கு முன்பே முதலாளி சுவரை இடித்தார், கடைசிச் செங்கல் விழும் வரை பக்கத்திலேயே நின்றார். குழாய் கூரைக்கு மேலே போனது. மீட்டரைப் பினாங்குக்காரரே கொண்டுவந்து தொட்டியின் காலில், முழங்கால் உயரத்தில் மாட்டினார். முதல்முறை அது கத்தியபோது எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளி வாசல் வரை ஓடினார்கள். ஊலேதான் முதல் ஆளாக ஓடினார். அதன் பிறகு அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் நேரவில்லை.

விளக்கு செய்தித்தாளில் சுற்றியபடி வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவர் அதை அலமாரியில் வைத்தார். மறுபடி ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் ஏற்றினால், ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்கட்டுப் பக்கம் போய்விடுவார். சாமியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் பேசுவதில்லை. நான் எது உண்மை என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ அதுதான் நடந்தது, அவரும் உயிரோடு இருக்கிறார். அதில் எனக்கு வெற்றி என்று ஒன்று இருந்தால், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை மின்சாரம் போனது. மெழுகுவர்த்தி தீர்ந்திருந்ததால் அந்த விளக்கையே எடுத்து ஏற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவர் எழுந்து போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நான் விழுந்தப்ப இது அணைஞ்சுதானே இருந்துச்சு?"

இதை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிக் கேட்பார். அன்று, ஆமாம் என்ற ஒரு சொல்லைத்தான் அவர் என்னிடம் கேட்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். தொட்டியில் மீட்டர் இருக்கிறது, சுற்றிச் சுவர் இல்லை, இனி அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை.

"எரிஞ்சுதுங்க" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையாட்டினார். கீழே தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்தினார்கள். மேலே குழல்விளக்கு துடித்துத் துடித்து எரியத் தொடங்கியது. நான் விளக்கை அமர்த்தப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். வெளிச்சத்தில் அந்தச் சுடர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எண்ணெய் தீரும் வரை அவர் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார், நானும் தட்டுகளை எடுக்காமல் பக்கத்தில் இருந்தேன்.